உடலா, தரையா? முதியோர் நடைத்துணைக் கருவிகளின் வடிவமைப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

முதியோர் பயன்படுத்தும் ஊன்றுகோல், நடைச்சட்டகம், ரோலேட்டர் ஆகிய கருவிகளின் இன்றைய வடிவம் எவ்வாறு உருவாயிற்று என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. நடையின் இடர் நடப்பவரின் உடலில் உள்ளதா, அவர் நடக்கும் தரையில் உள்ளதா என்னும் வினாவுக்கு ஒவ்வொரு காலமும் அளித்த விடையே அக்காலக் கருவியின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பது இதன் கருதுகோள். தமிழ் இலக்கிய மரபில் கோல் பெறும் இருவகைப் பொருள், இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் மருத்துவமனைச் சூழலில் தோன்றிய நடைச்சட்டகம், 1978இல் சுவீடனில் பயனர் ஒருவரே உருவாக்கிய ரோலேட்டர், ஜப்பானிய முதியோரின் தள்ளுவண்டி, இந்திய அரசின் 2017ஆம் ஆண்டுத் திட்டம் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. கருவி, தரை, வழங்கல் முறை ஆகிய மூன்றையும் ஒருசேரக் கருதாத மறுவடிவமைப்பு பயன் தராது என்பது கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: முதுமை, ஊன்றுகோல், நடைச்சட்டகம், ரோலேட்டர், வடிவமைப்பு வரலாறு, உதவிக் கருவிகள், நடைபாதை

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். மொத்த மக்கள்தொகையில் இவர்களின் பங்கு 8.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் இப்பங்கு 10.4 விழுக்காடாக இருந்தது. முதியோர் தொகை பெருகுந்தோறும் அவர்களின் நடமாட்டம் பற்றிய வினாவும் முன்னிற்கிறது. ஒருவர் தாமே எழுந்து வாசல்வரை, கடைவரை, கோயில்வரை சென்று வர இயலுமா என்பதே அவர் பிறரைச் சார்ந்திருக்கும் அளவைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

நடமாட்டத்துக்குத் துணைசெய்யும் கருவிகள் எளிய பொருள்களாகத் தோன்றுவதால் அவற்றின் வரலாறு ஆய்வாளர்களின் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. ஆயின் எளிமையான பொருளும் ஒரு கருத்தின் வடிவமே. கைத்தடியின் உயரம், சட்டகத்தின் அகலம், சக்கரத்தின் அளவு ஆகிய ஒவ்வொன்றும் யார், எங்கே, எதற்காக நடப்பர் என்னும் முன்முடிவைத் தாங்கியுள்ளது. அம்முன்முடிவுகளைக் காலவரிசையில் வெளிக்கொணர்வது இக்கட்டுரையின் நோக்கம்.

கலைச்சொல் பற்றி ஒரு விளக்கம் தேவை. நான்கு கால்களுடன் முன்னும் இருபுறமும் சூழ்ந்து நிற்கும் கருவி இங்கு 'நடைச்சட்டகம்' எனவும், சக்கரமும் பிரேக்கும் இருக்கையும் உடையது 'ரோலேட்டர்' எனவும் குறிக்கப்பெறுகின்றன. பின்னதற்கு 'நடைவண்டி' என்பது பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் குழந்தை நடைபழகுவதற்கான மூன்று சக்கர மரவண்டிக்கே அச்சொல் தமிழில் நெடுங்காலமாக உரியது. முதியவரின் கருவிக்குக் குழந்தையின் கருவிப் பெயரை இடுவது முதுமையை இரண்டாம் குழந்தைமையாகக் காணும் பார்வைக்கு இடந்தரும். பெயரிடலிலேயே வடிவமைப்புச் சிக்கல் தொடங்கிவிடுகிறது.

தமிழ் மரபில் கோலின் இருபொருள்

தமிழ் இலக்கியத்தில் முதுமைக்கும் கோலுக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்து, அவர் கையாண்ட தொடரே 'தொடித்தலை விழுத்தண்டினார்' எனப் பெயராக நிலைத்தது. நீர்த்துறையில் மரக்கிளையிலிருந்து ஆழத்தில் குதித்து மணல் அள்ளி வந்த இளமையை, தண்டூன்றி நடுங்கும் முதுமையில் நின்று எண்ணி இரங்குவது அப்பாடலின் பொருள். தலைப்பகுதியில் பூண் இடப்பட்ட பெரிய தண்டு என்பது அத்தொடர் தரும் பொருள். மரம் பிளவுபடாமல் காப்பது பூணின் பொதுப்பயன். எனவே சங்ககாலத்திலேயே முதியவரின் கோல் கையில் அகப்பட்ட கழியாக மட்டும் இராமல், பணிசெய்து ஆக்கப்பட்ட பொருளாகவும் இருந்தது எனக் கருதலாம். எனினும் பாடலில் அக்கோலின் பங்கு இழப்பின் அடையாளமாக நிற்பதே.

இவ்வடையாளம் பக்தி இலக்கியத்தில் வலுப்பெறுகிறது. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் வதரித் தலத்தைப் பாடும் பதிகத்தில், கோலைத் துணையாகக் கொண்டு வளைந்து நடக்கும் நிலை வருமுன் இறைவனை வணங்குமாறு கூறுகிறார். காளமேகப் புலவர் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று 'முக்கால்' என்னும் பின்னச் சொல்லைச் சிலேடையாக்கி, இரு காலோடு கோலும் சேர்ந்த மூன்று கால்களைச் சுட்டுகிறது. அந்நிலை எய்துமுன் காஞ்சி ஏகம்பனைத் தொழ வேண்டும் என்பது கருத்து. இவ்விரு இடங்களிலும் கோல் நிலையாமையின் எச்சரிக்கை. தளர்ச்சி உடலில் நிகழ்கிறது. கோல் அதனை உலகுக்கு அறிவிக்கிறது.

திருக்குறளின் கேள்வி அதிகாரம் வேறொரு நோக்கைக் காட்டுகிறது. 415ஆம் குறள் ஒழுக்கமுடையோரின் வாய்ச்சொல்லை ஊற்றுக்கோலுக்கு ஒப்பிடுகிறது. அவ்வுவமையில் முதுமை பற்றிய குறிப்பு எதுவுமில்லை. வழுக்கும் இடத்தில் செல்வோர் எவர்க்கும் உதவும் பொருளாகவே கோல் பேசப்படுகிறது. பரிமேலழகர் அவ்விடத்தைச் சேற்றுநிலமாகக் கொண்டு உரை காண்கிறார். இடர் நடப்பவரின் மூட்டிலோ முதுகிலோ இல்லாமல் அவர் கால் வைக்கும் நிலத்தில் அமைகிறது. கோலைப் பிடிப்பது இழிவுமில்லை, இரங்கத்தக்கதுமில்லை. அது அறிவுடைய செயல்.

பிற்காலச் சமூகக் கோட்பாடு எதையும் குறளில் ஏற்றிக் காண்பது இங்கு நோக்கமன்று. ஒரே பொருளைப் பற்றி ஒரே மொழி மரபுக்குள் இரண்டு பார்வைகள் நிலவின என்பதே கருதத்தக்கது. ஒன்று உடலை நோக்குகிறது. மற்றொன்று தரையை நோக்குகிறது. நவீனக் கருவிகளின் வரலாற்றைப் பகுத்தறிய இவ்வேறுபாடு பயன்படுகிறது.

தகுதியின் சின்னமும் தளர்ச்சியின் சின்னமும்

கோல் எப்போதும் தளர்ச்சியை மட்டும் குறித்ததில்லை. எகிப்திய மன்னர் தூத்தங்காமுனின் கல்லறையில் ஏறத்தாழ 130 கோல்களும் தடிகளும் கிடைத்தன. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கைத்தடி மேன்மக்களின் உடையணியில் ஒரு பகுதியாயிற்று. தமிழில் 'கோல்' என்னும் சொல்லே செங்கோலாகி ஆட்சியைக் குறிக்கிறது. தமிழகத்தின் பொதுவெளிகளில் நிற்கும் பெரியார் சிலைகளில் கைத்தடி பிரிக்கவியலாத கூறு; அதனைத் தளர்ச்சியின் அடையாளமாக எவரும் காண்பதில்லை.

பிடித்திருப்பவரின் தகுதியும் பொருளின் செய்நேர்த்தியும் கோலுக்கு மதிப்பு தந்தன. இருபதாம் நூற்றாண்டில் உதவிக் கருவிகள் மருத்துவத்தின் ஆட்சிக்குள் வந்தபோது இந்த மதிப்பு பெரிதும் குறைந்தது. கிரகாம் புல்லின் 2009இல் வெளியிட்ட வடிவமைப்பும் உடற்குறைபாடும் பற்றிய நூலில், மருத்துவக் கருவியாக இருந்த மூக்குக்கண்ணாடி விரும்பி அணியும் பொருளாக மாறியதை எடுத்துக்காட்டி, பிற உதவிக் கருவிகளுக்கு அம்மாற்றம் ஏன் வாய்க்கவில்லை என வினவுகிறார். கைத்தடியின் வரலாறு இதன் எதிர்த்திசையில் சென்றது. விரும்பி ஏந்திய பொருள், மறைக்க விரும்பும் பொருளாயிற்று.

இவ்விழிவுணர்வை மருத்துவர்களே எதிர்கொள்ள வேண்டியதாயிற்று. அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர் வால்டர் பிளவுண்ட் 1956இல் கைத்தடியைக் கைவிட வேண்டா என்னும் பொருள்படத் தலைப்பிட்டுக் கட்டுரை ஒன்றை எழுதினார். கைத்தடியின் பயனை அவர் இயந்திரவியல் அடிப்படையில் விளக்கினார். ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பெலும்பு மறுபுறம் சரியாதவாறு இடுப்பின் வெளிப்புறத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அத்தசைகள் மூட்டுக்கு மிக அருகில் இருப்பதால் நெம்புகோல் நீளம் குறைவு. ஆகவே மிகுந்த விசையுடன் இயங்க வேண்டியுள்ளது. அவ்விசையும் மூட்டின்மேல் சுமையாகிறது. நோயுற்ற இடுப்புக்கு எதிர்ப்புறக் கையில் கோலை ஊன்றினால், கோல் மூட்டிலிருந்து நெடுந்தொலைவில் இருப்பதால் சிறு விசையே பெருஞ்சுமையைக் குறைக்கிறது. வலியுள்ள பக்கத்துக் கையில் கோலைப் பிடிப்பது இயல்பெனப் பலர் கருதுவர். அறிவியல் அதற்கு மாறாகக் கூறுகிறது. இத்துணை நுட்பம் ஒரு கழியில் அடங்கியிருந்தும், அதனைக் கையிலெடுக்க மக்கள் தயங்கினர் என்பதே அக்கட்டுரைக்கான தேவையைக் காட்டுகிறது.

மருத்துவமனைக் கூடமும் நடைச்சட்டகமும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மறுவாழ்வு மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது. அமெரிக்காவில் அதற்கான சிறப்பு மருத்துவர் தகுதி வாரியம் 1947இல் அமைந்தது. பிரிட்டனில் தேசிய சுகாதாரப் பணி 1948இல் தொடங்கியது. நோயாளியை நெடுநாள் படுக்கவைக்காமல் விரைவில் எழுப்பி நடக்கச்செய்யும் மருத்துவ நடைமுறை பரவியது. எடை குறைந்த அலுமினியக் குழாய்கள் கிடைத்தமை கருவிகளின் உற்பத்தியை எளிதாக்கியது.

நடைச்சட்டகம் இச்சூழலின் விளைபொருள். இங்கிலாந்தின் ஸ்ட்ரெட்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் கிரிப்ஸ் ராப் 1949இல் பிரிட்டனில் விண்ணப்பித்த நடைத்துணைக் கருவிக்கு 1953இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1957இல் சக்கரம் பொருத்திய இரு வடிவங்கள் காப்புரிமை பெற்றன. 1965இல் ஓஹியோ மாநிலத்தின் எல்மர் ரீஸும், 1970இல் கலிபோர்னியாவின் ஆல்ஃபிரட் ஸ்மித்தும் பெற்ற காப்புரிமைகள் இன்று மருத்துவமனைகளில் காணும் வடிவத்துக்கு வழிவகுத்தன. இதே காலத்தில், 1962இல் ஜான் சார்ன்லி இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் நவீன இடுப்புமூட்டு மாற்று அறுவையை நிலைநிறுத்தினார். அறுவைக்குப் பின் சில வாரங்கள் தாங்கி நடக்கும் கருவியின் தேவை பெருகியது.

இக்கருவி இயங்கும் முறையைக் கவனித்தால் அதன் பிறப்பிடம் புலப்படும். பயனர் சட்டகத்தைத் தூக்கி முன்வைக்கிறார், ஒரு காலை எடுத்துவைக்கிறார், மறுகாலைச் சேர்க்கிறார், மீண்டும் தூக்குகிறார். நடையின் இயல்பான தொடர்ச்சி ஒவ்வோர் அடியிலும் அறுபடுகிறது. தூக்கும்போது இரு கைகளும் ஆதாரமின்றி நிற்கின்றன. குவளை நீரையோ காய்கறிப் பையையோ கையில் கொண்டுசெல்ல இயலாது. சமதளமான, அகன்ற, கதவுத்தடையற்ற மருத்துவமனைக் கூடத்தில் செவிலியரின் கண்காணிப்பில் சில நாள் நடப்பவர்க்கு இவை குறைகளாகா. அதே கருவி வீட்டுக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் ஒருவரின் அன்றாடத் துணையாகும்போது குறைகள் வெளிப்படுகின்றன. தரை சமமாகவே இருக்கும் என்னும் முன்முடிவு அதன் வடிவிலேயே உள்ளது. வாசற்படி, நிலைப்படி, ஈரத்தரை ஆகியவை அவ்வடிவமைப்பின் கணக்கில் இடம்பெறவில்லை.

பிந்தைய ஆய்வுகள் இதனை அளந்து காட்டின. பத்தேனி, மாக்கி ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்புரை, நடைத்துணைக் கருவிகள் சமநிலைக்கு உதவுவதோடு, பயனரின் உடல் ஆற்றல்மீதும் கவனத்தின்மீதும் கூடுதல் சுமையை ஏற்றுகின்றன எனச் சுட்டியது. நிலைதடுமாறும் வேளையில் பக்கவாட்டில் எடுத்துவைக்க வேண்டிய கால் சட்டகத்தில் மோதித் தடைப்படலாம் என்பதும் அதில் கூறப்பட்டது. 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, 2001 முதல் 2006 வரை நடைத்துணைக் கருவியோடு தொடர்புடைய வீழ்ச்சிக் காயங்களுக்காக அவசர மருத்துவப் பிரிவுகளுக்கு வந்த முதியோரின் எண்ணிக்கையை ஆண்டுக்குச் சராசரியாக 47,312 என மதிப்பிட்டது. அவற்றுள் ஏறத்தாழ 87 விழுக்காடு நடைச்சட்டகத்தோடும், 12 விழுக்காடு கைத்தடியோடும் தொடர்புடையவை. நடைச்சட்டகம் பயன்படுத்துவோர் பொதுவாகக் கூடுதல் தளர்ச்சி உடையவர்கள்; ஆதலால் கருவியே வீழ்ச்சிக்குக் காரணம் என இவ்வெண்களிலிருந்து முடிவுசெய்ய இயலாது. ஆயினும் கருவியைக் கையில் கொடுத்தவுடன் பாதுகாப்பு உறுதியாகிவிடும் என்னும் எண்ணம் ஏற்கத்தக்கதன்று என்பது தெளிவு.

பயனரே வடிவமைத்த கருவி

நடைத்துணைக் கருவி வரலாற்றில் திருப்புமுனையாக அமைந்தது 1978இல் சுவீடனில் தோன்றிய ரோலேட்டர். அதனை உருவாக்கிய அய்னா வீஃபால்க் 1928இல் பிறந்தவர். செவிலியர் பயிற்சி பெற்றுவந்தபோது 21ஆம் வயதில் போலியோவால் தாக்குண்டார். பின்னர் வெஸ்டெரோஸ் நகரில் சமூகப்பணியாளராகப் பணியாற்றினார். மருத்துவமனையின் இரு பக்கங்களையும் அவர் அறிந்திருந்தார்: நோயுற்றவராகவும், நோயுற்றோருக்குப் பணி செய்தவராகவும். அரசு சார்ந்த வளர்ச்சி நிதியின் உதவியோடு அவரது எண்ணம் மாதிரியாகி உற்பத்தியாளரைச் சென்றடைந்தது. பலரும் பயன்பெற வேண்டும் என்பதால் அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. 1983இல் மறைந்தார்.

ரோலேட்டர் நடைச்சட்டகத்தின் திருந்திய வடிவமாக மட்டும் அமையவில்லை. நடையைப் பற்றிய எண்ணமே அதில் மாறியது. நான்கு சக்கரங்கள் இருப்பதால் தூக்க வேண்டியதில்லை. அடிகளின் தொடர்ச்சி அறுபடுவதில்லை. கைப்பிடியில் மிதிவண்டியில் உள்ளது போன்ற பிரேக் உள்ளது. களைத்தால் அமர இருக்கை உண்டு. பொருள் வைக்கக் கூடை உண்டு. இருக்கையும் கூடையும் மருத்துவ நோக்கில் துணையுறுப்புகளே. பயனரின் நோக்கில் அவையே முதன்மையானவை. எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதை இருக்கை தீர்மானிக்கிறது. எதற்காகச் செல்லலாம் என்பதைக் கூடை தீர்மானிக்கிறது. ஒருவர் நடப்பது கால்களை இயக்குவதற்காக மட்டுமன்று, ஓரிடத்தை அடைந்து ஒன்றைச் செய்து திரும்புவதற்காக என்னும் உண்மை முதன்முறையாகக் கருவியின் வடிவில் இடம்பெற்றது.

ரோலேட்டருக்கும் குறைகள் உண்டு. முன்குனிந்து அதன்மேல் சாய்பவரிடமிருந்து அது முன்னே ஓடிவிடக்கூடும். பிரேக்கை இறுகப் பிடிக்கக் கைவலிமை தேவை. முடக்குவாதத்தால் விரல் வளைந்தவர்க்கு அது கடினம். படி ஏற அது உதவாது. அமர்வதற்கு முன் நிறுத்துபிரேக்கை அழுத்த மறந்தால் விழும் வாய்ப்புண்டு. சீரான நடைபாதையும் தாழ்ந்த விளிம்பும் உள்ள நகரில் அது விடுதலையளிக்கிறது. அவை இல்லாத இடத்தில் வீட்டு மூலையில் நின்றுவிடுகிறது. வடிவமைப்பின் வெற்றியில் தரைக்குள்ள பங்கு இவ்விடத்தில் தெளிவாகிறது.

குழந்தை வண்டியிலிருந்து முதியோர் வண்டி

ஜப்பானின் அனுபவம் மற்றொரு வழியைக் காட்டுகிறது. முதுகு வளைந்த மூதாட்டியர் குழந்தை வண்டியைத் தள்ளியவாறு, அதனைப் பிடிமானமாகக் கொண்டு கடைத்தெருவுக்குச் செல்வது அங்குப் பழகிய காட்சி. மருத்துவர் எவரும் அதனைப் பரிந்துரைக்கவில்லை. கையில் இருந்த பொருளை முதியோர் தம் தேவைக்கு ஆக்கிக்கொண்டனர். அப்பழக்கத்தைப் பின்பற்றியே 'சில்வர் கார்' எனப்படும் முதியோர் தள்ளுவண்டி சந்தைக்கு வந்தது. பொருள் வைக்கும் பெட்டியும், அமரும் பலகையும் கொண்ட அது கடைக்குச் செல்பவரின் வண்டியாகவே தோற்றம் தருகிறது. நோயாளியின் கருவியாகத் தோன்றுவதில்லை. கௌரவக் குறைவு பற்றிய தயக்கம் இதனால் குறைந்தது.

2000ஆம் ஆண்டு ஜப்பானில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தபோது வகைப்பாட்டுச் சிக்கல் எழுந்தது. உடலைச் சூழ்ந்து தாங்கும் நடைச்சட்டகங்களும் நடைவண்டிகளும் காப்பீட்டின்கீழ் வாடகைக்குக் கிடைக்கும் பொருள்களாயின. தானே நடக்க வல்லவர் முன்னே தள்ளிச்செல்லும் சில்வர் கார் அவ்வகையில் சேர்க்கப்படவில்லை. எடையைத் தாங்கும் அமைப்பு அதற்கு இல்லை என்பதால் இப்பிரிப்பு பொறியியல் நோக்கில் பொருளுடையது. ஆனால் பொதுநிதி எதனைக் கருவியாக ஏற்கிறது என்பதை உடலின் தளர்ச்சியே அளவுகோலாக நின்று முடிவுசெய்தது என்பதும் இதனால் விளங்குகிறது. முதியோரே கண்டெடுத்த வடிவம் முதியோருக்கான உதவிப்பட்டியலுக்கு வெளியே நின்றது.

மறுசிந்தனையின் கோட்பாட்டுப் பின்னணி

1970களின் பிற்பகுதி தொடங்கி இம்முன்முடிவுகள் கேள்விக்குள்ளாயின. 1976இல் பிரிட்டனில் உடற்குறைபாடுடையோர் அமைப்பொன்று வெளியிட்ட அடிப்படைக் கொள்கை அறிக்கை, ஒருவரை முடக்குவது அவர் உடலின் குறையன்று, அக்குறையைக் கருதாமல் அமைந்த சமூகமே என வாதிட்டது. மைக் ஆலிவர் 1983இல் இதற்குச் சமூக மாதிரி எனப் பெயரிட்டார். அமெரிக்க வடிவமைப்பாளர் பட்ரீசியா மூர் 1979 முதல் 1982 வரை மூதாட்டியாக ஒப்பனை செய்துகொண்டும், பார்வையையும் மூட்டசைவையும் குறைக்கும் சாதனங்களை அணிந்துகொண்டும் வடஅமெரிக்காவின் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் நடமாடினார். தம் பட்டறிவை 1985இல் நூலாக்கினார். ரொனால்ட் மேஸ் முன்வைத்த அனைவருக்குமான வடிவமைப்பு என்னும் கருத்து 1997இல் ஏழு நெறிகளாக வகுக்கப்பட்டது.

இவற்றோடு சேர்த்து நோக்கத்தக்கது 1993இல் பிலிப்ஸ், ஷாவோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. உடற்குறைபாடுடைய 227 பேரிடம் நடத்திய அவ்வாய்வில், அவர்கள் பெற்ற உதவிக் கருவிகளுள் 29.3 விழுக்காடு கைவிடப்பட்டிருந்தன. பயனரின் கருத்தைக் கேளாமல் தேர்ந்தமை, கருவி மிக எளிதாகக் கிடைத்தமை, கருவியின் செயற்குறை, காலப்போக்கில் தேவை மாறியமை ஆகிய நான்கும் கைவிடலோடு தொடர்புடைய காரணிகளாகக் கண்டறியப்பட்டன. இரண்டாவது காரணி வியப்பளிக்கலாம். எளிதாகக் கிடைத்த கருவி, தேர்வும் பொருத்துதலும் பயிற்சியும் இன்றிக் கிடைத்த கருவியாக இருப்பதே அதற்கான விளக்கமாகலாம்.

தர அளவீடுகள் வேறு பாதையில் வளர்ந்தன. பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பின் 11199 எண்ணிட்ட வரிசை நடைச்சட்டகம், ரோலேட்டர் ஆகியவற்றின் நிலைப்பு, சுமைதாங்கும் திறன், நீடித்துழைப்பு ஆகியவற்றுக்கான சோதனைகளை வகுத்தது. உலக சுகாதார அமைப்பு 2016இல் வெளியிட்ட 50 முன்னுரிமை உதவிக் கருவிகளின் பட்டியலில் கைத்தடி, கக்கத்தண்டு, நடைச்சட்டகம், ரோலேட்டர் ஆகிய நான்கும் உள்ளன. கருவி உடையாது என்பதை அளவீடு உறுதிசெய்கிறது. கருவி கிடைக்க வேண்டும் என்பதைப் பட்டியல் வலியுறுத்துகிறது. அது பயன்படுமா என்பதற்கு இவ்விரண்டும் போதிய விடையாகா.

இந்தியச் சூழல்: பட்டியலும் பாதையும்

இந்தியாவில் உதவிக் கருவி உற்பத்திக்கான நடுவண் அரசு நிறுவனம் 1972இல் கான்பூரில் நிறுவப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குக் கருவி வழங்கும் 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா' 2017 ஏப்ரல் 1 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் நெல்லூரில் தொடங்கப்பட்டது. முதுமையின் தளர்ச்சியை முன்னிட்டே கருவி வழங்கும் நடுவண் அரசுத் திட்டம் என்ற வகையில் இது வரலாற்றுச் சிறப்புடையது. கைத்தடி, முழங்கைத் தண்டு, நடைச்சட்டகம், முக்கால், நாற்கால் ஊன்றுகோல்கள், சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, செயற்கைப் பல், மூக்குக்கண்ணாடி ஆகியவை அதன் தொடக்கப் பட்டியலில் இருந்தன. பின்னர் விரிவாக்கப்பட்ட பட்டியலில் பிரேக் உள்ள ரோலேட்டரும் இருக்கையுள்ள கைத்தடியும் இடம்பெற்றன. இவ்விரிவாக்கம் மேற்கூறிய வரலாற்றின் சுருக்கம் போலவே அமைந்துள்ளது: தாங்கும் கருவிகள் முதலில் வந்தன; அமர்ந்து இளைப்பாறித் தொலைவு செல்ல உதவும் கருவிகள் பின்னர் வந்தன.

கருவிகள் முகாம்கள் வழியே வழங்கப்படுகின்றன. பெருந்தொகையினரைக் குறுகிய காலத்தில் சென்றடைய முகாம் ஏற்ற வழி. ஆனால் நடைத்துணைக் கருவி ஒருவரின் உடலுக்கும் வீட்டுக்கும் பொருத்தப்பட வேண்டியது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் கைப்பிடி அமைய வேண்டும். அப்போதுதான் ஊன்றும்போது முழங்கை 20 முதல் 30 பாகை வளைந்து விசையைத் தாங்கும். கோலின் அடியில் உள்ள ரப்பர் முனை தேய்ந்தால் வழுக்கும். அதனை மாற்ற வழி வேண்டும். எந்தக் கையில் பிடிப்பது, நிலைப்படியை எப்படிக் கடப்பது என்பன கற்பிக்கப்பட வேண்டியவை. இவை ஒருநாள் முகாமோடு நிறைவுறுவன அல்ல. பிலிப்ஸ், ஷாவோ ஆகியோரின் ஆய்வு சுட்டிய முதலிரு காரணிகளும் இங்கு நினைவுகூரத்தக்கவை.

பாதையின் வரலாறு இதற்கு இணையாகச் செல்கிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் 103ஆம் வழிகாட்டி, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நடைபாதைக்குத் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என வரையறுத்தது. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. எனினும் கருவி வழங்கும் துறையும் பாதை அமைக்கும் துறையும் வேறு வேறு. ரோலேட்டரின் சக்கரத்துக்கு ஏற்ற விளிம்புச் சரிவு இருக்கிறதா என்பது முன்னதன் பொறுப்பில் வருவதில்லை. முதியவர் கையில் எக்கருவி இருக்கும் என்பது பின்னதன் கணக்கில் வருவதில்லை. உடலைப் பார்ப்பவரும் தரையைப் பார்ப்பவரும் ஒருவரையொருவர் காணாத நிலையே இன்றைய வடிவமைப்புச் சிக்கலின் மையம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, தமிழ் இலக்கிய மரபில் கோல் உடல் தளர்ச்சியின் அடையாளமாகவும், வழுக்கும் நிலத்தில் எவர்க்கும் உதவும் துணையாகவும் இருவேறு பொருள்களைப் பெற்றது. நவீனக் கருவி வரலாற்றிலும் இவ்விரு நோக்குகளின் இழுபறியைக் காணலாம். இரண்டாவதாக, நடைச்சட்டகத்தின் வடிவம் மருத்துவமனைத் தரையையும் குறுகிய காலப் பயன்பாட்டையும் முன்னிட்டு உருவானது. வீட்டிலும் தெருவிலும் அதன் குறைகள் வெளிப்படுவது இதனாலேயே. மூன்றாவதாக, ரோலேட்டரும் ஜப்பானியத் தள்ளுவண்டியும் பயனரின் பட்டறிவிலிருந்து தோன்றியவை. நடையின் நோக்கத்தை அவை வடிவில் ஏற்றன. நான்காவதாக, எது கருவி என வகைப்படுத்தும் அதிகாரமும் எவ்வாறு வழங்குவது என்னும் நடைமுறையும் வடிவமைப்பின் பகுதிகளே.

இந்தியச் சூழலுக்கான மறுவடிவமைப்பு புதிய உலோகத்தையோ புதிய சக்கரத்தையோ தேடுவதோடு நிற்கலாகாது. முதியோர் இன்று தாமாகவே எவற்றைப் பிடித்து நடக்கின்றனர், எவ்விடத்தில் நின்றுவிடுகின்றனர் என்பதைத் தமிழகத்தின் ஊர்களிலும் நகரங்களிலும் களஆய்வால் பதிவுசெய்வது முதற்பணி. முகாமில் கருவி பெற்றவர்கள் ஓராண்டுக்குப் பின் அதனைப் பயன்படுத்துகின்றனரா, எந்த வாசற்படியில் அது நின்றது என்பதை அறிவது அடுத்த பணி. அவ்வறிவு கிடைக்கும்போதுதான் கருவியைத் திருத்துவதா, படியைத் திருத்துவதா என்னும் வினாவுக்கு இடத்துக்கு இடம் பொருத்தமான விடை கூற இயலும்.